ஜீவானந்தமும் புதுத் துப்பாக்கியும்

கட்டிலின் மேல் வெள்ளைத் துண்டு. துண்டின் மேல் எவர்சில்வர் தாம்பாளம். தாம்பாளத்துக்குள் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார் ஜீவானந்தம். தோட்டா அடைக்கும் மேகசின் முதலில் வெளியே வரும். அடுத்து மேல்மூடி மாதிரி இருக்கிற ஸ்லைடு, அடுத்து குழல், கடைசியாகச் சுருள் ஸ்பிரிங். ஒவ்வொன்றுக்கும் தாம்பாளத்தில் ஓர் இடம் உண்டு. கை தவறி இடம் மாறிவிட்டால் எடுத்துத் திரும்ப வைப்பார். கிழிந்த பனியன் துணியால் துடைப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி துடைப்பார்.

"தாம்பாளம் எதுக்குத் தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஸ்பிரிங் எகிறுனா சத்தம் கேக்கோணுமில்லைங்க்கா. போன மாசம் கட்டிலுக்கு அடியில ஓடிப் போயிருச்சு. டார்ச் அடிச்சுத் தேடினேன். எனக்குப் பயந்துக்கிட்டு ஒளியுது பாருங்க, களவாணி."

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மாவு கொடுக்கவோ ஒரு வார்த்தை பேசவோ எட்டிப் பார்த்தால் இந்தக் காட்சிதான். துப்பாக்கியிடம் பேசிக்கொண்டே துடைப்பார். "இன்னைக்கி என்னடா சொல்றே?" என்பார். அது ஒன்றும் சொல்லாது. "புது மாப்பிள்ளைங்க்கா இவன். எதுல கோவிச்சுக்குவான்னே தெரிய மாட்டேங்குது" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரிப்பு மீசையோடு நின்றுவிடும், கண்ணுக்குப் போகாது.

மாரமங்கலத்துப் பக்கம் அவருடைய ஊர். காப்பியும் மிளகும் போட்ட கொஞ்சம் காட்டை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இவர் இளவயதிலேயே ராணுவத்துக்குப் போய், தலை நரைக்கும்போது திரும்பி வந்தவர். நடக்கும்போது இடது காலைத்தான் முதலில் எடுத்து வைப்பார். டீயில் சர்க்கரை போடக் கூடாது. என் கடையில் எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். வழியில் ஆணி, கம்பித் துண்டு, உடைந்த பாட்டில் சில்லு எது கிடந்தாலும் குனிந்து எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "எந்தப் புள்ள கால்ல ஏறுமோ" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. மனைவி மேனகா துணி துவைக்கும்போது பையில் கையை விட்டு, பலமுறை விரலைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.

என் கடைக்கு நேர் எதிரில், மாடிப்படி பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட நகைக்கடன் ஆபீஸ். அங்கேதான் அவர் கன்மேன். மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். மழைக் காலத்தில் அடகு வைக்க, அறுப்புக் காலத்தில் மீட்க. கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போயி ஒக்காருங்க, பயப்படாதீங்க" என்பார். உள்ளே கவுண்டரில் இரண்டு பெண்கள், இளவரசியும் சிவசக்தியும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் அவரை "அண்ணா" என்பார்கள்.

ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நகைக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க்கா. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு நாந்தான் இன்சூரன்ஸ். எவனாவது வந்து நின்னான்னா, அவனுக்கும் அதுகளுக்கும் நடுவுல நான் இருக்கோணும். அதுக்குத்தானுங்க சம்பளம்."

பல வருஷம் அவர் தோளில் ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி தொங்கியது. லைசென்சும் அவர் பேரில்தான், துப்பாக்கியும் அவருடையதுதான். இந்த வேலைக்கு அப்படித்தான் ஆள் எடுப்பார்கள். அதை அவர் 'கெழவி' என்பார். கெழவி ஒரு நாளும் பழுது சொன்னதில்லை. போன ஆடியில் சேலத்திலிருந்து பாலசுப்பிரமணியம் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு அந்த நீளத் துப்பாக்கி பிடிக்கவில்லை.

"கஸ்டமர் மிரளுறாங்க ஜீவா. போருக்கு நிக்கிற மாதிரி இருக்கு. இடுப்புல வெச்சுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிருங்க. நம்ம கம்பெனியில எல்லாப் பிராஞ்சுலயும் அதுதான் இப்ப."

சொன்னால் செய்கிறவர் ஜீவானந்தம். அனுமதிக்கு அலைந்து வாங்கினார். கெழவியைச் சேலத்துத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தார். சேமித்ததைப் போட்டுப் புதுக் கைத்துப்பாக்கி வாங்கினார். மலை ஏறுகிற பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்ததாகப் பின்னாடி சீட்டில் வந்த ஜீப் டிரைவர் சந்தோஷ் சொன்னான். இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் என் கடை வாசலில் நின்று, பெட்டியைத் திறக்காமலே, "வந்துட்டானுங்க்கா" என்றார். அன்றைக்கு மட்டும் சிரிப்பு கண்ணுக்குப் போயிருந்தது.

கோளாறு முதல் தடவை சுட்டுப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. மலையில் சுட முடியாது. கீழே சேலத்தில், சுட்டுப் பழகுவதற்கென்று உள்ள ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். இரண்டு தோட்டா போனது. மூன்றாவது வெடித்தது, ஆனால் வெற்றுக் கூடு வெளியே விழவில்லை. ஸ்லைடின் வாயில் செங்குத்தாக நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. "நாக்கைத் துருத்திக் காட்டுறானுங்க்கா என்னையப் பாத்து" என்றார் வந்து.

கடைக்காரருக்குப் போன் போட்டார். "புதுசு கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குங்க சார். ஒரு நூறு, இருநூறு தோட்டா சுட்டீங்கன்னா தானா இளகிரும்" என்றார் அவர்.

அதில்தான் முடிச்சு விழுந்தது. லைசென்ஸ்காரருக்கு வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று அளவு இருக்கிறது. சுட்டதற்குக் கணக்கும் சொல்ல வேண்டும். இளகும்வரை சுட்டால், இளகின பிறகு காவலுக்கு வைத்துக்கொள்ளத் தோட்டா இருக்காது. சுடாமல் வைத்திருந்தால் சுடுமா சுடாதா என்றே தெரியாது. ஜீவானந்தம் இதை எனக்கு விளக்கிவிட்டு, இட்லியைத் தொடாமலே தட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

ஆனால் சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மற்றதைத் தொடாமல் விடுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார். "ஒரே நேரத்துல ரெண்ட மாத்தினா எது கொறைன்னு கண்டுபுடிக்க முடியாதுங்க்கா." எனக்கு அது விளங்கியது. இட்லி கல்லாகப் போனால் உளுந்தையும் தண்ணீரையும் சேர்த்து மாற்றக் கூடாது.

முதலில் எண்ணெயை மாற்றினார். பிறகு வேறு கட்டுத் தோட்டா வாங்கினார். துப்பாக்கியோடு வந்தது இரண்டு மேகசின். இரண்டும் அச்சு அசல் ஒன்று போல இருந்ததால், ஒன்றில் அடையாளம் வைக்க நினைத்தார். இளவரசி தன் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பாலிஷ் எடுத்து அவளே ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள்.

"அண்ணா, இது சரியாயிருமில்லைங்களா?"

"ஆயிரும் கண்ணு. ஆவாம எங்க போவுது?"

அடுத்த முறை ரேஞ்சில் சிவப்புப் புள்ளி மேகசின் போட்டபோதுதான் கூடு மாட்டிக்கொண்டது, மற்றதில் தோட்டா தடங்கலில்லாமல் போனது. அன்றைக்கு மலை ஏறி வந்தவர் என் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார். மேகசின் வாயின் ஓரத் தகடு ஒரு மயிரிழை வளைந்திருப்பதாக எல்லோருக்கும் காட்டினார். ஒருத்தருக்கும் வளைவு தெரியவில்லை. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். மூன்றாம் முறை நல்ல மேகசினும் மாட்டிக்கொண்டது.

பிறகு தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தார். மணிக்கட்டு தளர்ந்து பிடித்தால் இந்த வகைத் துப்பாக்கியில் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போய்த் திரும்பாதாம். வயசு ஆகிவிட்டதே என்று ஒரு ரப்பர் பந்தை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவு ஓரத்தில் நின்றபடி நாள் முழுதும் அதைப் பிசைவார். அடகு வைக்க வந்த பெண்கள் பந்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

சந்தோஷுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணா, மாப்பிள்ளைக்குச் சளி புடிச்சிருக்குமோ? நம்மூர் பனி ஒத்துக்கலையாட்டம் இருக்குது. ஒரு டம்ளர் மெளகு ரசம் ஊத்திப் பாருங்க."

"உன்ற ஜீப்பு மூணாவது வளைவுல நின்னா நான் சிரிச்சனாடா?"

"நின்னா நாலு பேரு எறங்கித் தள்ளுவாங்க. இதை யாருண்ணா தள்ளுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜீவானந்தமும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பந்தைப் பிசைந்தபடியே ரோட்டைக் கடந்தார்.

நான் தினமும் கடை திறக்கும் முன் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவள். அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வேன். ஆனால் துப்பாக்கிக்காக வேண்டிக்கொள்வது எப்படி என்று குழப்பமாக இருந்தது. அது யாரையும் சுடாமலே இருக்க வேண்டும். ஆனால் சுடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதைச் சாமியிடம் எந்த வார்த்தையில் கேட்பது? கடைசியில், "அந்த மனுஷனைத் தூங்க வையப்பா" என்று மட்டும் கேட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. ராணுவத்தில் தசராவுக்குத் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைப்பார்களாம். ஜீவானந்தம் அதே மரியாதையோடு தாம்பாளத்தில் துப்பாக்கியைக் காலியாக வைத்தார். மேனகா சந்தனத்தைக் குழைத்து மேலே ஒரு பொட்டு, பக்கத்துக்கு ஒன்று, பின்மண்டையில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் இட்டாள். பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்கும் பொரியும் கடலையும் வந்தது.

அதற்குப் பிறகு போன ரேஞ்சில் புதுசாக ஒரு வியாதி. விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டாவை எடுத்துப் பார்த்தால் அதன் பின்பக்கத்துச் செம்பு வட்டத்தில் மெல்லிசாக ஒரு தடம். "ஊசி அடிக்க மாட்டேங்குதுங்க்கா. தொட்டுக் கும்புட்டுட்டுத் திரும்பி வந்துருது" என்றார். ஒரு நோய்க்குக் காரணம் தெரியாத இடத்தில் இரண்டாவது நோயும் சேர்ந்துகொண்டது. துப்பாக்கியோடு பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, மாவுச் சட்டியோடு உள்ளே போனேன். ஜீவானந்தம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் ஓர் ஊசி மாதிரி ஏதோ. அதுதான் தோட்டாவை அடிக்கிற ஊசி. அதைக் கழற்றுவது ஆயுதம் பழுது பார்க்கிற ஆர்மரர் வேலை, சிப்பாய் கை வைக்கக் கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். அதனால் இத்தனை நாளும் தொடாமல் இருந்தவர், அன்றைக்கு மனசு பொறுக்காமல் கழற்றிவிட்டார். ஊசியைச் சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகச் சேறு.

"என்ன தம்பி இது?"

அவர் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "சந்தனமுங்க."

மேனகா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது அவளுக்கு. ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து உதிர உதிர, வெள்ளிக்கிழமை தோறும் அவர் தூங்கி எழும் முன் அவளேதான் புதுப் பொட்டு வைத்திருக்கிறாள். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று இவரும் பொட்டைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார். பின்மண்டைப் பொட்டுக்கு நேர் கீழே ஊசியின் துளை. எண்ணெயோடு சந்தனம் குழைந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

"அங்க எதுக்கு புள்ள வெச்சே?"

"நீங்க புடிக்கையில உங்களப் பாத்துக்கிட்டு இருக்கறது அந்தப் பக்கந்தானுங்களே. அதுதான நெத்தி?" என்றாள். பிறகு ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நாந்தான் பண்ணிப்புட்டனா? நாந்தானுங்களா?"

ஜீவானந்தம் கோபப்படவே இல்லை. அவர் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷம். "அட அழுவாதே புள்ள. கெடைச்சிருச்சு. காரணம் கெடைச்சிருச்சு. நீ எனக்கு நொம்ப ஒத்தாசை பண்ணியிருக்கறே" என்று, ஊசியை விளக்கு மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கழுவித் துடைத்து, காயவைத்து மாட்டினார். அந்த வாரமே ரேஞ்சுக்குப் போனார். அத்தனை தோட்டாவும் போனது. மாட்டவும் இல்லை, டிக் என்று நிற்கவும் இல்லை. திரும்பி வரும்போது மேனகாவுக்குப் பூ, எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர். அதற்குப் பிறகு மேனகா துப்பாக்கி இருக்கும் பக்கமே போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமி படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு நிலைக்கதவில் பூசிவிடுவாள்.

மார்கழியில் கம்பெனித் தலைமை ஆபீசிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். எல்லாப் பிராஞ்சு கன்மேன்களும் சேலம் ரேஞ்சில் அவர் கண்முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். துப்பாக்கி நடுவில் நிற்காமல் சுட்டால்தான் அதற்கு அனுமதி. ஜீவானந்தம் குளித்து நெற்றியில் திருநீறு பூசி, மூடுபனியில் சந்தோஷின் ஜீப்பில் ஏறினார்.

நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. சந்தோஷ்தான் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான். அன்றைக்கு அவன் வாயில் கேலி இல்லை.

"மொதல்ல ரெண்டு வெடிச்சுதுங்க்கா. அண்ணன் சிலையாட்டம் நிக்கிறாரு. மூணாவது மாட்டிக்கிச்சு. தட்டினாரு, இழுத்தாரு, பாத்தாரு. கை நடுங்கவே இல்ல. மறுபடி ஒண்ணு போச்சு. மறுபடி மாட்டிக்கிச்சு. மறுபடி தட்டினாரு, இழுத்தாரு. அந்த ஆபீசரே வாங்கிச் சுட்டுப் பாத்தாரு. அவருக்கும் நின்னுபோச்சு. 'பேப்பர் பறக்காம மேல வெக்கிறதுக்கு நல்லா இருக்குமய்யா இது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஜீவா?"

"அவரு கீழ குனிஞ்சு கூடு பொறுக்கிக்கிட்டு இருந்தாருங்க்கா. எல்லாத்தையும் பொறுக்கினாரு. அடுத்தவங்க சுட்டதையும் சேத்து."

துப்பாக்கி சேலத்துக் கடைக்குத் திரும்பிப் போனது. செய்த இடத்துக்கே அனுப்புகிறார்களாம். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "வந்தா போன் பண்றோமுங்க" என்றார்களாம். கெழவியைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அது எப்போதோ விற்றுப்போயிருந்தது.

மேனகா இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து உட்கார்ந்தாள். உளுந்து களைந்துகொண்டிருந்தேன்.

"என்னாலதான்னு இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க்கா. நான் நிறுத்திக்குவேன், அவரு நிம்மதியாயிருவாரு" என்றாள். பிறகு மெதுவாக, "பொட்டை அழிச்சதுனால இருக்குமுங்களா?" என்றாள்.

சாமி அப்படிச் செய்யாது என்று சொன்னேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. உளுந்துத் தண்ணீரை என் கையிலிருந்து வாங்கி அவளே கொண்டுபோய் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஜீவானந்தம் ஒரே ஒரு தடவை பேசினார். கடையில் யாரும் இல்லாத மத்தியான நேரம். "பட்டாளத்துல எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா. எந்த இரும்பும் காரணமில்லாம நிக்காது. பொறுமையாத் தேடு, கெடைக்கும். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் வந்தேன். இதுல ஒரு காரணம் தேடினேன், கெடைச்சுது. தொடைச்சேன். அப்பறமும் நின்னுருச்சுன்னா... இனி எங்கீங்க்கா தேடறது?"

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. வேறு போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அதையே குடித்தார்.

மேனேஜர் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். பிறகு அவர் சொன்ன ஏற்பாட்டைக் கேட்டபோது, அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது.

டிபன் வாங்க வந்த மேனேஜர் என் கடை வாசலில் வைத்துத்தான் அவரிடம் பேசினார். "துப்பாக்கி வர்ற வரைக்கும் உறையை மட்டும் பெல்ட்டுல மாட்டிக்கிட்டு நில்லுங்க ஜீவா. மூடியிருந்தா உள்ள இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியப் போவுது? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்பறம் என்ன? பார்த்து பயந்தா போதும்."

"உள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு மட்டுமாவது சொல்லிரலாமுங்களா சார்?"

"அவங்களுக்கு எதுக்கு? பயந்துக்குவாங்க. நாளைக்கு லீவு கேப்பாங்க." மேனேஜர் அன்பாகத்தான் சொன்னார். அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, சட்னி பார்சலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

ஜீவானந்தம் "சரிங்க சார்" என்றார். மேலதிகாரிக்கு அவர் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது தை மாதம். காலையில் பனி ரோட்டை மூடிக் கிடக்கும். எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கதவு முதலில் தெரியாது, காக்கிச் சட்டைதான் தெரியும். சுற்றுலாக்காரர்கள் கார் கண்ணாடியை இறக்கி ஏரிக்கு வழி கேட்பார்கள். கையை நீட்டிக் காட்டுவார். இடுப்பில் புதுத் தோல் உறை. மேலே மடல் மாதிரி ஒரு மூடி, அதில் அழுத்துகிற பட்டன்.

இன்றைக்குக் காலையில் இளவரசி படியேறும்போது கேட்டாள். ரோடு அமைதியாக இருந்ததால் என் கடைவரைக்கும் கேட்டது. "அண்ணா, துப்பாக்கி சரியாயி வந்திருச்சுங்களா?"

ஜீவானந்தம் கதவைத் திறந்துவிட்டார். "போ கண்ணு, நேரமாச்சு" என்றார்.

அவள் உள்ளே போய் கவுண்டரில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். சிவசக்தியும் வந்தாள். பிறகு மேனேஜர் வந்தார். கதவுக்குள் ஒரு கால் வைத்தவர் நின்று, ஜீவானந்தத்தின் இடுப்பைப் பார்த்தார். உறையின் மூடி திறந்து தொங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிற மாதிரி, மேனேஜரே குனிந்து, கட்டைவிரலால் பட்டனை அழுத்தி மூடினார். ஒரு புன்னகையோடு உள்ளே போனார்.

ஜீவானந்தம் விறைப்பாக நின்றார். ரோட்டைப் பார்த்தபடியே வலது கையைக் கீழே கொண்டுபோனார். பட்டனை எடுத்தார். மூடியை மேலே தூக்கி, அது திரும்ப விழாதபடி பெல்ட்டுக்குள் மடித்துச் செருகினார். பிறகு கவுண்டரிலிருந்து பார்த்தால் காலி உறை தெரிகிற மாதிரி, அந்தப் பக்கத்து இடுப்பைக் கண்ணாடியை நோக்கிக் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.